வேர்க்காத விளையாட்டு

கல்லூரி விண்ணப்பத்தில் 'விளையாட்டுச் சாதனைகள்' என்று அச்சடித்திருந்த கட்டத்தின் மேல் பேனாவை நிறுத்திக்கொண்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதுல பூல்னு எழுதலாமா?"

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்துவிட்டது. "கம்பை வச்சு உருண்டையக் குழியில தள்ளுறதுக்குப் பேரு விளையாட்டால? ஓடணும், வேர்க்கணும். உங்க தாத்தா கபடி ஆடுனாகளே, அது விளையாட்டு."

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, மேசை பிடித்து ஆடிப் பழகியவன் அவன். எழுதினால் சிரிப்பார்களோ என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை நான் முப்பது வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஸ்போர்ட் ஒன்று, கேம் ஒன்று. தமிழில் கபடியும் விளையாட்டுதான், பல்லாங்குழியும் விளையாட்டுதான். நம் பக்கத்துக் கோவில் மண்டபங்களில் ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையிலேயே கோடு கீறி வைத்தவர்கள், ஓடி ஆடினால்தான் விளையாட்டு என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சான்றிதழ், இட ஒதுக்கீடு, வேலை, விருது என்று வரும்போது எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அக்கா சொன்னதைத்தான் அங்கேயும் பல பேர் சொல்கிறார்கள்.

வேர்வைதான் அளவுகோல் என்றால் 2008-இல் பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கத்தை எங்கே வைப்பது? ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் ஓரடி கூட ஓடவில்லை. பத்து மீட்டர் தள்ளியிருந்த இலக்கைப் பார்த்து, உடம்பை மரம்போல அசையாமல் நிறுத்தினார். அப்படி நிறுத்துவதற்கு வருஷக்கணக்கில் உடம்பைப் பழக்க வேண்டும். பூல் மேசையில் குனிந்து, இடது கை விரல்களை ஊன்றி, மூச்சை அடக்கி, வெள்ளைப் பந்தைத் தட்டுகிறவனும் அதே வேலையைத்தான் செய்கிறான். பந்தைக் குழியில் போடுவது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளைப் பந்து அடுத்த அடிக்குத் தோதான இடத்தில் போய் நிற்க வேண்டும். அதற்கு அடுத்த அடியும் மனத்தில் இருக்க வேண்டும்.

பூலின் பங்காளியான ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்தது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள்) பொழுதுபோக்காகக் கண்டுபிடித்தார். 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். பிறந்த இடம் துரைமார் கிளப் என்பதால் அதற்கு மரியாதை தானாக வந்தது. 1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சாம்பியன் ஆனார். அர்ஜுனா விருது 1961-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அவருக்குக் கிடைத்தது. பின்னால் வந்த கீத் சேத்திக்கும் பங்கஜ் அத்வானிக்கும் அந்த மரியாதை கேல் ரத்னா விருது வரை போயிற்று.

இந்த மரியாதை கேரம் பலகைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஆதங்கம் அங்கேதான்.

எங்கள் தெருவில் ஒரு தையல்கடை. ராத்திரி கடையைச் சாத்தியதும் வாசலில் பலகை இறங்கும். மேலே தகரத் தொப்பி போட்ட குண்டு பல்பு. போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தடவினால் மரம் கண்ணாடியாகிவிடும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் சிவப்பு ஒன்று. சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே சொந்தக் காயால் கவர் செய்ய வேண்டும். இல்லையென்றால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். சுற்றி நிற்கிற பத்துப் பேரும் அந்த ஒரு அடிக்குப் பேச்சை நிறுத்துவார்கள். போட்டிப் பலகை ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் சதுரம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. காய் ஒன்று ஐந்து கிராமைச் சற்றுத் தாண்டும். அந்தச் சின்ன எடையை ஒரு விரல்நுனியால், மயிரிழை பிசகாமல் அனுப்ப வேண்டும்.

அங்கே ஆடிய அண்ணன் ஒருவர் மாவட்ட அளவில் இரட்டையரில் ஜெயித்துச் சான்றிதழ் வாங்கினார். அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டு ஒரு கல்லூரிக்குப் போனார். வாங்கிப் பார்த்தவர், "கேரமா? அதெல்லாம் வீட்டுல ஆடுறது தம்பி" என்று திருப்பிக் கொடுத்தாராம். ஊருக்குத் திரும்பி வந்தவரின் முகத்தைத்தான் அன்றைக்குப் பார்த்தேன்.

அகில இந்திய கேரம் சம்மேளனம் 1956-இலேயே வந்துவிட்டது. 1988-இல் சர்வதேச சம்மேளனத்தைச் சென்னையில்தான் தொடங்கினார்கள். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் ஒன்பது முறை தேசியச் சாம்பியன். 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியன். 1996-இல் அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கேரமில் இன்னொருவருக்கு அந்த விருது வரவில்லை. உலகப் பட்டம் வென்ற ரஷ்மி குமாரிக்கும் வரவில்லை. திறமை குறைந்துபோனதால் இப்படி ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்னூக்கர் மேசை பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி. பச்சைத் துணி விரித்து, பணம் இருக்கிற கிளப்புகளில்தான் கிடக்கும். கேரம் பலகை மீனவர் குப்பத்திலும் தையல்கடை வாசலிலும் கிடக்கிறது. தெருவில் கிடப்பதை வேலையத்தவன் ஆட்டம் என்று எண்ணுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம்.

இந்த ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. பூலில் முதல் அடியில் பந்து சிதறுவதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருப்பது உண்மை. குதிரைப் பந்தயம் பற்றிச் சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன தீர்ப்பை இங்கே நினைத்துக்கொள்ளலாம். திறமை மேலோங்கி நிற்கிறதா, அதிர்ஷ்டமா என்று பார்த்து, திறமைதான் என்றது. குதிரைக்கே அப்படியென்றால், குச்சியைத் தன் கையிலேயே பிடித்திருக்கிற பையனுக்கு என்ன குறை?

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1998 முதல் 2010 வரை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் எல்லாம் இருந்தன. 1998-இல் பாங்காக்கில் அசோக் சாண்டில்யா நமக்குத் தங்கம் கொண்டுவந்தார். 2014-இல் இவற்றை எடுத்துவிட்டார்கள். பிறகு 2018-இல் சீட்டாட்டமான பிரிட்ஜ் உள்ளே வந்தது. அடுத்து ஹாங்சோவில் நடந்த போட்டியில் கணினி விளையாட்டுகளும் பதக்கப் பட்டியலில் ஏறின. கம்பு பிடிப்பவர்கள் வெளியிலேயே நின்றார்கள். உட்கார்ந்து ஆடுகிறவருக்குப் பதக்கம் உண்டு, மேசையைச் சுற்றி நடந்து நடந்து ஆடுகிறவருக்கு இல்லை என்பதில் எனக்கு எந்த நியாயமும் புரியவில்லை.

இரண்டு தமிழ்ப் பெண்களைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். 2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வாங்கினார். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. 2025 நவம்பரில் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வென்று உலக ஸ்னூக்கர் பட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியப் பெண்களில் முதல் ஆள். கடைசி ஃப்ரேம் வரை போன ஆட்டம் அது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்து, "பொம்பளப் பிள்ளையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பையனைத் தையல்கடைக்குக் கூட்டிப் போனேன். அண்ணனுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. பலகையை எடுத்துத் துடைத்து, பவுடரைத் தூவினார். பூல் ஆடுகிறவன் என்றதும் அவன் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது போர்டில் சிவப்பு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவன் அவசரமாக ஸ்ட்ரைக்கரை நகர்த்தினான்.

"கையத் தூக்காதல. மூச்ச விட்டுட்டு அடி."

"பூல்லயும் இதத்தான் அண்ணாச்சி சொல்லுவாங்க" என்றான் அவன். மூச்சை விட்டான். சிவப்பு விழுந்தது. தெருவில் போன இரண்டு பேர், கவர் ஆகிறதா பார்ப்போம் என்று சைக்கிளை நிறுத்தினார்கள்.