2,760 டிகிரி வெப்பத்தில் ஓரியன்... தீயைத் தடுத்து நின்ற ‘நெசவு’ எப்படி வேலை செய்கிறது?

நிலவைச் சுற்றிவிட்டு 2022 டிசம்பர் 11-ம் தேதி பசிபிக் கடலில் இறங்கியது நாசாவின் ஓரியன் விண்கலம். ஆர்ட்டெமிஸ் 1 என்ற அந்தப் பயணத்தில் ஆட்கள் இல்லை. மணிக்கு சுமார் 40,000 கி.மீ. வேகத்தில் பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தபோது, அதன் அடிப்பக்கத்தில் வெப்பம் சுமார் 2,760 டிகிரி செல்சியஸ். இரும்பே 1,538 டிகிரியில் உருகிடும்!

அந்த அடிப்பக்கக் கவசத்தில், தறியில் நெய்த சில கட்டிகளும் இருந்தன. பெயர் கம்ப்ரெஷன் பேட்.

இதுக்கு என்ன வேலை?

வீரர்கள் இருக்கும் பகுதியும், இன்ஜின் இருக்கும் பகுதியும் இணையும் இடம் இதுதான். ராக்கெட் கிளம்பும்போது மொத்த பாரத்தையும் தாங்கணும். திரும்பும்போது இன்ஜின் பகுதி கழன்றுவிடும். அப்புறம் இதே பேட் நேரடியாகத் தீயைச் சந்திக்கணும். உறுதியும் வேணும், வெப்பத்தை உள்ளே விடவும் கூடாது. சிக்கலே இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான்.

வெப்பம் போகும் பாதை

இழையும் பிசினும் சேர்ந்ததுதான் இந்த வகைப் பொருள். பிசின் வெப்பத்தைக் கடத்துவது மிகக் குறைவு. செம்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கார்பன் இழைகளில் சில ரகங்கள் நீளவாக்கில் செம்பை விட இரண்டு மடங்கு கடத்தும். அதனால் வெப்பம் இழை போகும் பக்கமே ஓடும். ஒரே தகடு, பக்கவாட்டில் வெப்பத்தை வேகமாகப் பரப்பும். மேலிருந்து கீழே மெதுவாகத்தான் இறக்கும்.

2014 டிசம்பரில் நடந்த ஓரியனின் முதல் சோதனைப் பயணத்தில், கார்பன் துணியை அடுக்கடுக்காக ஒட்டிய பேட்தான் இருந்தது. அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு பிசின் மட்டுமே. தண்ணீர் பட்ட பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரியுமே, அந்த பயம் இதிலும் உண்டு. நிலவில் இருந்து திரும்பும் வேகத்துக்கு அது போதாது.

மூன்றாவது நூல்

பாவு, ஊடு ரெண்டோட, தடிமன் வழியாக மேலும் கீழும் ஓடும் மூன்றாவது நூலையும் சேர்த்து முப்பரிமாணமாக நெய்தார்கள். இனி அடுக்கு பிரியாது. ஆனால் அந்த நூல் ஒவ்வொன்றும் தீயில் இருந்து உள்ளே போட்ட நேர்ச் சாலை! கார்பனாக இருந்தால் வெப்பம் குடுகுடுவென இறங்கிடும்.

அதனால் இழையையே மாற்றிவிட்டார்கள். கார்பனுக்குப் பதில் குவார்ட்ஸ். கண்ணாடி இனம், வெப்பக் கடத்தல் செம்பில் 200-ல் ஒரு பங்குக்கும் கீழே. சாலை இருக்கு, போக்குவரத்து இல்லை. பென்சில்வேனியாவில் உள்ள பாலி ரிப்பன் மில்ஸ் என்ற நாடா நெசவு ஆலைதான் இதை நெய்து கொடுத்தது.

கணக்கு எங்கே இடிக்கும்?

நெசவில் நூல் நேராக ஓடுவதில்லை, ஏறி இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் வெப்பம் போகும் திசை கொஞ்சம் மாறும். நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் இன்னும் மாறும். அதனால் திரும்பத் திரும்ப வரும் ஒரு குட்டிக் கட்டத்தை எடுத்து, அதில் வெப்பம் எப்படி ஓடுகிறது என்று கணித்து, முழுப் பொருளுக்கும் விரிப்பார்கள்.

வெப்பக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஆர்ட்டெமிஸ் 1 காட்டியது. கவசத்தின் வழியே போகும் பிரிப்பு போல்ட்களில் சில, எதிர்பார்த்ததை விட அதிகமாக உருகியிருந்தன. குறை நெசவில் இல்லை. போல்ட் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே கணித்த மாதிரியில்தான் என்று 2024 மே மாதம் வெளியான நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலக அறிக்கை சொன்னது.