நெஞ்சுக்கு ஒரு சுமைதாங்கி

துயரைச் சொல்லி ஆறுவது நம்மவர் வழக்கம். ஊரில் அதற்கென இடங்கள் இருந்தன. கிணற்றடியிற் பெண்கள் பேசினர். சந்தித் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் ஆண்கள் பேசினர். இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லி அழுவதற்கு எவரும் வெட்கப்படவில்லை. "என்ன அக்கா, முகம் வாடிக்கிடக்குது?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்பதற்கு ஓர் அயல் இருந்தது. புலம்பெயர்ந்த மண்ணில் நமக்கு வாய்த்தவை மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளும், அடைத்த கதவும், மாறிமாறி வரும் வேலைநேரமுமே. கணவன் தன் மனத்தில் உள்ளதை மனைவிக்குச் சொல்வதில்லை. அவள் கலங்குவாள் என்கிறான். தாய் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பள்ளியில் நேர்ந்த அவமானத்தைப் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்வதில்லை. ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி எல்லோரும் வாய்மூடி இருக்கும் வீடுகள் நம்மிடையே பல.

"ஏன், விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னோமே!" என்று சிலர் கூறுவர். தஞ்சம் கோரியவர்கள் அதிகாரியின் முன் அமர்ந்து தம் வாழ்வை ஒருமுறை சொல்லியே இருக்கிறோம். அங்கே கேட்கப்பட்டவை திகதி, இடம், வந்த வழி, காயம், சான்று என்பனவாகும். முன்னுக்குப் பின் முரணின்றிச் சொல்வதே நமது கவலையாக இருந்தது. விட்டுவந்த தாயின் குரலை நினைக்கையில் நெஞ்சு அடைப்பதைப் பற்றியோ, தப்பாமற் போனவனை எண்ணித் தப்பிவந்தவன் படும் வேதனையைப் பற்றியோ அங்கு எவரும் கேட்கவில்லை. அவ்வாறு கேட்பது அவர்களின் கடமையும் அன்று. வழக்குக்குச் சொன்ன கதை அலுவலகக் கோப்பில் இருக்கிறது. சொல்லாத கதை இன்னும் நெஞ்சிற் கிடக்கிறது.

அந்தச் சொல்லாத கதைக்காக நாம் பரிந்துரைப்பது ஒரு சாதாரணக் கொப்பியையும் ஒரு பேனாவையுமே. நாள்தோறும் சிறிது நேரம், தன் கையால், தனக்காக மட்டும் எழுதுதல். நம் ஊர்த் தெருவோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களை மூத்தோர் அறிவர். தலைச்சுமையை அதில் இறக்கிவைத்து மூச்செடுத்த பின், அதே சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நாட்குறிப்பு செய்யும் வேலையும் இவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் நம்மவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சுற்றிவளைப்புகளும் சோதனைச் சாவடிகளும் நிறைந்த காலத்தில் கடிதங்களையும் நிழற்படங்களையும் எரித்தோரும் புதைத்தோரும் நம்மிடையே உள்ளனர். தாளில் உள்ளது காட்டிக்கொடுக்கும் என்ற அச்சம் கடல் கடந்த பின்னும் நம்மை விட்டு அகலவில்லை. ஆயினும் நாட்குறிப்பு நமக்குப் புதியதன்று. புதுச்சேரியிற் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 இலிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746 இற் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியதை அவருடைய ஏட்டிற் காணலாம். அந்தச் சென்னையை ஆங்கிலேயரிடம் மீள ஒப்படைக்க வைத்தது, 1748 ஒக்டோபரில், நாம் வாழும் இதே ஆஹென் நகரிற் கையெழுத்தான உடன்படிக்கை என்பது பலர் அறியாத செய்தி.

பிள்ளையவர்கள் எழுதியது பெரும்பாலும் ஊரின் செய்தி, அரசின் செய்தி. தன் மனத்தின் செய்தியை எழுதிப் பின்னர் உலகறிந்த ஒரு சிறுமியும் இந்நகரிற் சில மாதங்கள் வாழ்ந்திருக்கிறாள். 1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராங்பேர்ட்டில் வாழ்ந்த ஒரு யூதக் குடும்பம் நாட்டை விட்டு நீங்க முடிவு செய்தது. தந்தை ஒட்டோ பிராங்க் பிழைப்புக்கு வழிசெய்ய அம்ஸ்ரர்டாமுக்குச் சென்றார். தாய் ஏடித் ஆஹெனிற் பிறந்தவர். அவர் தம் இரு பெண்பிள்ளைகளுடன் இங்கே பாஸ்தோர் சதுக்கத்தில் இருந்த தம் தாயாரின் வீட்டில் தங்கினார். இளையவள் ஆனுக்கு அப்போது வயது 4. 1934 பெப்ரவரியில் அவளும் அம்ஸ்ரர்டாம் போய்ச் சேர்ந்தாள். 1939 இல் அம்மம்மாவும் அகதியாக அங்கேயே போக நேர்ந்தது. தகப்பன் முன்னே போவதும், தாயும் பிள்ளைகளும் அம்மம்மா வீட்டிற் காத்திருப்பதும் எத்தகையவை என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

1942 ஜூன் 12 ஆம் நாள், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில், ஆன் ஒரு நாட்குறிப்பேட்டைப் பரிசாகப் பெற்றாள். ஒரு மாதம் நிறையும் முன்னரே குடும்பம் மறைவிடம் புக வேண்டியதாயிற்று. எட்டுப் பேர் 25 மாதங்கள் வெளியே தலைகாட்டாது வாழ்ந்த அவ்விடத்தில், கிற்றி என்னும் கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதங்களாக அவள் தன் அச்சத்தையும், தாயுடனான பிணக்கையும், வளர்பருவத்துக் குழப்பங்களையும் எழுதினாள். 1944 ஓகஸ்ட் 4 இல் எல்லோரும் பிடிபட்டனர். 1945 இன் தொடக்கத்தில் பேர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தாள். எண்மரில் மீண்டவர் தந்தை மட்டுமே. ஏடு 1947 இல் நூலாயிற்று.

இதில் அகதிப் பெற்றோர் கருதவேண்டியவை இரண்டு. முதலாவது, ஆன் எழுதியது தாய்மொழியான ஜேர்மனில் அன்று. தஞ்சம் புகுந்த நாட்டின் டச்சு மொழியில். பல்லாண்டு தமிழ் கற்பித்த நமக்கு இதைச் சொல்வது எளிதன்று, ஆயினும் சொல்கிறோம். பிள்ளை ஜேர்மன் மொழியில் எழுதினால் எழுதட்டும். தமிழைக் கற்பிக்கத் தமிழ்ப் பாடசாலை உண்டு. மனத்தைத் திறக்கும் கொப்பியில் மொழிச் சட்டம் வேண்டாம். இரண்டாவது, மகளின் ஏட்டை வாசித்த பின்னரே அவளது உள்ளத்தின் ஆழத்தைத் தாம் அறிந்ததாகத் தந்தை பிற்காலத்திற் கூறினார். பெற்றோரிற் பெரும்பாலோர் தம் பிள்ளைகளை உண்மையில் அறிவதில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அதற்காகப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்தல் ஆகாது. ஒருமுறை களவாக வாசித்துவிட்டால் பிள்ளை மறுபடி உண்மை எழுதமாட்டாது. பிள்ளை தானாகப் பேசவரும் பொழுதில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதே வழி.

எழுதும் முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். 1986 இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடமாகத் தொடர்ந்து 4 நாட்கள் எழுதினர். வாழ்வின் கொடிய அனுபவத்தையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், எழுதிய உடனே மனம் கலங்கினர்; ஆனால் அடுத்த 6 மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது. நிகழ்ச்சியை மட்டும் எழுதியோருக்கு அப்பயன் கிட்டவில்லை. விசாரணையில் நாம் சொன்னதும் நிகழ்ச்சியை மட்டுமே என்பதை இங்கு நினைவுகூரலாம். பின்வந்த ஆய்வுகளிற் பயன் சிறிதாகவே காணப்பட்டது, சிலவற்றிற் காணப்படவில்லை. ஆகவே இதை மருந்தென்று நாம் கூறோம்.

நாளுக்கு 15 நிமிடம் போதும். திகதியிட்டுத் தொடங்குங்கள். இன்று நடந்தது என்ன, அது மனத்தை என்ன செய்தது என இரண்டையும் எழுதுங்கள். எழுத்துப்பிழை பாராதீர்கள், திருத்துவதற்கு ஆசிரியர் எவரும் வரப்போவதில்லை. கைபேசியைத் தவிர்ப்பது நன்று. அது பலர் கைக்குப் போவது, இடையில் அழைப்பும் வருவது. கை எழுதும்போது மனமும் சற்று நிதானிக்கிறது. எழுத இயலாத நாளில் ஒரு வரியேனும் போதும். எழுதிய தாளைக் கிழித்தெறிய விரும்பினால் எறியுங்கள். அதுவும் உங்கள் உரிமை. எழுதத் தெரியாத முதியோர் இருந்தால், அவர்கள் விரும்பிச் சொல்வதை அருகில் அமர்ந்து எழுதிக்கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத எழுத உறக்கம் கெட்டு, பழைய காட்சிகள் கண்முன் வந்து வருத்துமானால் எழுதுவதை நிறுத்துங்கள். உயிரை வெறுக்கும் எண்ணம் வருமானால் ஒரு நாளும் தாமதியாது குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். அகதிகளுக்கான உளநல ஆலோசனை நிலையங்கள் ஜேர்மனியின் பல நகரங்களில் உள்ளன. அங்கு செல்வது பைத்தியக்காரர் என்ற பெயரைத் தரும் என அஞ்சுவது வீண். கால் முறிந்தவர் வைத்தியரிடம் போவதை எவரும் இழிவென்று சொல்வதில்லையே.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளைக்கு வாங்கும் கொப்பிகளோடு உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள். நீங்கள் எழுதுவதைப் பிள்ளை காணட்டும். மனத்தில் உள்ளதைச் சொல்லலாம், அதற்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்பதை அது தானாகவே விளங்கிக்கொள்ளும்.