தீவிர நுரையீரல் காயமும் செயற்கைச் சுவாசமும்

தீவிர நுரையீரல் காயத்துக்கு ஆளானவரின் மூச்சை வென்டிலேட்டர் எனப்படும் சுவாசக் கருவியின் துணையுடன் நடத்துவது செயற்கைச் சுவாச சிகிச்சை ஆகும். இங்கு காயம் என்பது வெட்டுக்காயம் அன்று. நிமோனியா, உடல் முழுவதும் பரவிய நோய்த்தொற்று, வயிற்றில் உள்ளவை மூச்சுக்குழாய்க்குள் இறங்குதல், நீரில் மூழ்குதல், கணைய அழற்சி போன்றவற்றால் காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவர் கசியத் தொடங்குகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர்மம் நிறைகிறது. இதனால் இரத்தத்தில் ஆக்சிசன் குறைகிறது. சுவாசக் கருவி நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. அது தானாகக் குணமாகும் வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் கருவியே நுரையீரலை மேலும் கெடுத்துவிடாமல் காப்பதுதான் இச்சிகிச்சையின் பெருஞ்சிக்கல்.

பெயரும் அளவீடும்

அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 1967இல் 12 நோயாளிகளிடம் கண்ட இத்தகைய மூச்சுத்திணறலை லான்செட் இதழில் விவரித்தனர். தமனி இரத்தத்தின் ஆக்சிசன் அழுத்தத்தை, நோயாளி சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆக்சிசனின் பங்கால் வகுத்து நோயின் கடுமை கணிக்கப்படுகிறது. நலமானவருக்கு இந்த ஈவு 400க்கு மேல் இருக்கும். 60 விழுக்காடு ஆக்சிசன் கொடுத்தும் அழுத்தம் 72 மி.மீ. பாதரசம் மட்டுமே என்றால், 72ஐ 0.6ஆல் வகுக்க 120 வரும். 300 அல்லது அதற்குக் குறைவானால் நோய். 100 அல்லது அதற்குக் குறைவானால் மிகக் கடுமை. 2012இல் வெளியான பெர்லின் வரையறை தீவிர நுரையீரல் காயம் என்ற தனிப் பெயரைக் கைவிட்டு, அனைத்தையும் தீவிர மூச்சுத்திணறல் நோய்த்தொகுதி என்ற ஒரே பெயரில் மூன்று படிநிலைகளாக்கியது. பழைய பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

சிறுத்துப்போன நுரையீரல்

இயல்பான மூச்சில் உதரவிதானம் கீழிறங்க, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கருவியோ காற்றை உள்ளே தள்ளுகிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, கையால் பையை அழுத்தியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தனர். அந்நோயாளிகளுக்குத் தளர்ந்திருந்தவை தசைகள்தாம். நுரையீரல் காயத்தில் நிலைமை வேறு. காற்றை வாங்கிக்கொள்ளும் இடமே பழுதுபட்டிருக்கிறது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு இதைத் தெளிவாக்கினார். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் முதுகுப்புற நுரையீரல் நீரால் கனத்து அமுங்கிவிடுகிறது. காற்று செல்லும் மீதிப் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே இருக்கும். பெரியவருக்குரிய முழு மூச்சை அதற்குள் தள்ளினால், நலமாக எஞ்சியிருந்த நுண்ணறைகளும் அளவுக்கு மீறி விரிந்து கிழியும்.

ஆயினும் இரத்த அளவுகளை இயல்பாக வைக்க வேண்டும் என்று நெடுங்காலம் பெரிய மூச்சுகளே கொடுக்கப்பட்டன. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வு இவ்வழக்கத்தை மாற்றியது. கணிப்பு எடையின் ஒரு கிலோவுக்கு 12 மி.லி. வீதம் மூச்சுப் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர், 6 மி.லி. பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர். வியப்பு என்னவென்றால், முதல் சில நாட்களில் ஆக்சிசன் அளவு பெரிய மூச்சுப் பெற்றவர்களிடமே நன்றாக இருந்தது. திரையில் எண் நன்றாகத் தெரிய, நுரையீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருந்தது.

கணிப்பு எடை என்பது தராசு காட்டும் எடை அன்று. உயரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை அல்லவா? 170 செ.மீ. உயரமுள்ள ஆணின் கணிப்பு எடை ஏறத்தாழ 66 கிலோ. அவருக்கு ஒரு மூச்சு 396 மி.லி. அவர் 90 கிலோ இருக்கிறார் என்று அதைக்கொண்டு கணக்கிட்டால் 540 மி.லி. ஆகிவிடும். சிறிய மூச்சினால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சற்றுக் கூடும். ஓரளவுவரை அதைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

பிற வழிகள்

பலூனை முதலில் ஊதுவதுதான் கடினம். சிறிது விரிந்தபின் எளிது. அதுபோல, மூச்சு வெளியேறிய பின்னும் உள்ளே சிறிது அழுத்தத்தை நிறுத்திவைத்தால் நுண்ணறைகள் முற்றிலும் மூடிக்கொள்வதில்லை.

கடுமையான நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைப்பது மற்றொரு வழி. முதுகுப்புற நுரையீரல் சுமை நீங்கி விரிகிறது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஒவ்வொரு முறையும் 16 மணி நேரமாவது குப்புறக் கிடத்தப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 16 விழுக்காடு, மற்றவர்களில் 32.8 விழுக்காடு. குழாய்கள் எதுவும் நழுவாமல் ஒருவரைத் திருப்பிப் போடப் பலர் வேண்டும். கொரோனா காலத்தில் இம்முறை உலகெங்கும் பரவலாகக் கையாளப்பட்டது.

துணைச் சுவாசமும் விடுவிப்பும்

துணைச் சுவாச முறையில் நோயாளி மூச்சிழுக்க முயல்வதைக் கருவி உணர்ந்து, உரிய அளவு காற்றைத் தருகிறது. இதனால் உதரவிதானம் செயலற்று மெலிவது குறைகிறது. ஆனால் நோயாளி மிக வலுவாக இழுத்தாலும், கருவியோடு இசையாமல் மூச்சு விட்டாலும் நுரையீரல் மீண்டும் அதிகமாக விரியும். அப்போது மயக்க மருந்து தேவைப்படலாம்.

நிலைமை தேறியதும், கருவியின் உதவியை மிகக் குறைத்து 30 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தானே மூச்சுவிடச் செய்து பார்க்கின்றனர். மூச்சு வேகமெடுத்தாலோ வியர்த்தாலோ பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, மறுநாள் மீண்டும் முயல்வர். குழாய் குரல்நாண்களின் நடுவே செல்வதால், அது எடுக்கப்படும் வரை விழித்திருக்கும் நோயாளியும் பேச இயலாது. எழுதிக் காட்டியோ சைகையாலோதான் தம் தேவையைச் சொல்ல முடியும்.