"தம்பி" என்றால் யாருடைய தம்பி?

காரைக்கால் நகரில் கோவில்பத்து என்று ஓர் இடம் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி இதுதான். பார்வதீசுவரர் கோவில் இங்கேதான் இருக்கிறது.

"தம்பி! இங்கே வா!" எந்த ஊரையும் போல, இந்தத் தெருக்களிலும் நாள்தோறும் கேட்கும் குரல் இது.

தம்பி என்றால் யாருடைய தம்பி? கூப்பிடுகிறவரின் தம்பிதானே என்பீர்கள். ஆனால், பழைய தமிழில் அப்படி இல்லை!

எம்பி, உம்பி

"தம்" என்றால் "அவருடைய" என்று பொருள். ஆகவே, அந்தக் காலத்தில் "தம்பி" என்றால் வேறொருவருடைய தம்பி.

தன் தம்பியைச் சொல்ல "எம்பி" என்றார்கள். எதிரே நிற்பவரின் தம்பி "உம்பி". தங்கையும் இப்படித்தான். என் தங்கை "எங்கை". உன் தங்கை "நுங்கை". அவர் தங்கை "தங்கை".

எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். இவையும் இதே வரிசைதான். சொல்லின் தொடக்கமே, யாருடைய உறவு என்று காட்டிவிடும்!

யாய், ஞாய் இரண்டும் குறுந்தொகையில் உண்டு. கம்பராமாயணத்தில் "எம்பி" வருகிறது.

நாளடைவில் இந்த வேறுபாடு மறைந்தது. தம்பி, தங்கை, தந்தை, தாய் மட்டும் வழக்கில் நின்றன. அதனால்தான் இன்று "என் தம்பி" என்கிறோம். பழைய கணக்குப்படி இது "என்னுடைய அவருடைய தம்பி"!

பாதிரியாரின் திண்டாட்டம்

காரைக்கால் 1954-ம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அந்தப் பிரான்சு நாட்டுப் பாதிரிமார், 17-ம் நூற்றாண்டில் கனடாவுக்கும் போனார்கள். ஹூரன் ஏரிப் பக்கம் வாழ்ந்த வெண்டாட் மக்களிடம் மதப் பிரசாரம் செய்தார்கள்.

வெண்டாட் மொழியில் "தகப்பன்" என்று தனியாகச் சொல்லவே முடியாது. என் தகப்பன், உன் தகப்பன், அவன் தகப்பன் என்று யாருடையவன் என்பதைச் சொல்லின் முன்னால் ஒட்டியே ஆகவேண்டும்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? பிரெபெப் என்ற பாதிரியார் திண்டாடினார். "நம்முடைய பிதா, அவருடைய சுதன், அவர்களுடைய பரிசுத்த ஆவி என்று சொல்லலாமா?" என்று 1636-ம் ஆண்டு அறிக்கையில் மேலிடத்தைக் கேட்டார்!

மீண்டும் பிறந்த பேச்சு

பின்னாளில் வெண்டாட் மொழியைப் பேசுவோர் இல்லாமல் போனார்கள். ஆனால், பாதிரிமார் எழுதி வைத்த அகராதிகளும் இலக்கணங்களும் அழியவில்லை.

கியூபெக் நகரை அடுத்த வெண்டாக்கே ஊரில் வெண்டாட் மக்கள் வாழ்கிறார்கள். 2007-ம் ஆண்டு அங்கே "யவெண்டா" என்ற திட்டம் தொடங்கியது. "குரல்" என்பது இதன் பொருள். பழைய ஏடுகளைத் துணையாகக் கொண்டு, பாட்டன்மார் பேசிய மொழியைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் படிக்கத் தொடங்கினார்கள்.

நமக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. தமிழ் வாழ்கிறது. எம்பியும் நுங்கையும் ஏட்டோடு நின்றுவிட்டாலும், "எந்தை" போய்விடவில்லை. தேவாரத்தில் சிவபெருமானை "எந்தை" என்று அழைக்கும் இடங்கள் பல. கோவிலில் ஓதுவார் அந்தச் சொல்லைப் பாடும்போது கவனித்துக் கேளுங்கள். "என் தந்தையே" என்பதுதான் அதன் பொருள்!