குழாய்த் தண்ணீரின் ஊர் தேடி மஞ்சூர்வரை

2019 ஆகஸ்ட் 9 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், நீலகிரியின் அவலாஞ்சியில் 91 சென்டிமீட்டர் மழை பதிவானது. கோயம்புத்தூருக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் சராசரியாக 70 சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கும். இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். நகரத்துக்கு ஓர் ஆண்டில் கிடைக்காத மழை, பக்கத்து மலைக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் அள்ளிய ஈரத்தோடு வந்து மலைச்சரிவில் முட்டுகிறது, மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் சுமக்க முடியாது. மேற்குச் சரிவிலும் உச்சியிலுமே கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அது வறண்ட காற்றாக இருக்கிறது. கோவைக்கு நேர் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறதே என்றால், அந்த வழியாக வரும் காற்றை மேலே தூக்க மலை இல்லை. ஆகவே ஆடியில் காற்று பலமாக வரும், கொஞ்சம் சாரலும் வரும். மழை என்று சொல்லும்படி வராது.

அப்படியானால் கோவையின் மழை மலையில் தங்கிவிட்டது என்று சொல்லலாமா? தங்கவில்லை. அது வேறு வழியில் இறங்கி வருகிறது. அந்த வழியை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பார்ப்பதற்காகத்தான் காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் போகும் பேருந்தில் ஏறினேன். காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். யானை குறுக்கே நின்றால் மட்டும் கணக்கு மாறும். அந்தப் பாதையில் அது அடிக்கடி நடப்பதுதான்.

முதல் நிறுத்தம் வெள்ளியங்காடு. பில்லூர் அணையிலிருந்து எடுக்கும் தண்ணீர் இங்கேதான் சுத்திகரிக்கப்பட்டுக் கோவைக்குப் போகிறது. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஆனால் நகரத்தின் பெரும்பகுதிக்குத் தாகம் தீர்ப்பது பில்லூர். அதைப் புகழ்ந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. மழைக்காலத்தில் அணையிலிருந்து வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வரும். அந்தக் கலங்கலில் உள்ள களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாவற்றிலும் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும், தாமாகப் படியாது. படிகாரம் சேர்த்தால் அந்த விலக்கம் அடங்கி, துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து அடியில் இறங்குகின்றன. மேலே மலையில் எவ்வளவு மண் கரைந்தது என்பதற்கு இங்கே செலவாகும் படிகாரமே ஒரு கணக்கேடு.

முள்ளி தாண்டியதும் ஏற்றம். கெத்தைப் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காது அடைக்கிறது, திறக்கிறது. நடுநடுவே சரிவில் செங்குத்தாக இறங்கும் ராட்சத இரும்புக் குழாய்கள் கண்ணில் படும். பஸ்ஸில் பழகியவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இந்தப் பயணத்தின் மையமே அந்தக் குழாய்கள்தான்.

குந்தா நீர்மின் திட்டம் 1950களின் பின்பாதியில், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டு உதவியோடு தொடங்கியது. 1960இல் முதல் மின்சாரம் வந்தது. திட்டத்தின் அமைப்பு ஒரு படிக்கட்டு. உச்சியில் மேல் பவானி, அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள். எமரால்டிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் குந்தாப் பாலத்தருகே முதல் மின்நிலையத்தை இயக்குகிறது: 60 மெகாவாட். அங்கேயே தேங்கி, மறுபடி சுரங்கத்தில் புகுந்து கெத்தையில் இரண்டாவது நிலையம்: 175. அடுத்து பரளியில் மூன்றாவது: 180. அங்கிருந்து பில்லூர் அணை. அணையின் கீழே நான்காவது நிலையம்: 100. ஒரே தண்ணீர் படிக்குப் படி வேலை செய்துகொண்டே இறங்குகிறது.

கெத்தை நிலையத்துக்குத் தண்ணீர் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. குழாயின் முனையில் அது பீய்ச்சும் வேகத்தைக் கணக்கிட்டால் வினாடிக்கு 117 மீட்டர் வருகிறது. மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். இந்த வேகத்துக்கு ஏற்றது பெல்டன் சக்கரம். விளிம்பெங்கும் இரட்டைக் கிண்ணங்கள் பதித்த சக்கரம் அது. பீய்ச்சும் தண்ணீர் கிண்ணத்தின் நடுவரம்பில் மோதி இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்தின் வளைவைத் தொட்டு, வந்த திசைக்கே திரும்புகிறது. சக்கரம் தண்ணீரின் பாதி வேகத்தில் சுழலும்படி வடிவமைத்தால், வெளியேறும் தண்ணீரில் ஏறக்குறைய வேகமே மிஞ்சாது. அதன் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்கு மாறிவிடும்.

உயரத்தின் மதிப்பு இதில்தான் தெரிகிறது. 175 மெகாவாட் எடுக்க இங்கே வினாடிக்கு 30,000 லிட்டர் அளவில் தண்ணீர் போதும். 50 மீட்டர் உயரமே கிடைக்கும் சமவெளி அணையில் அதே மின்சாரத்துக்குப் பதினான்கு மடங்கு தண்ணீர் வேண்டும்.

இதை வீட்டுக் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். கோவையில் ஒரு மொட்டை மாடித் தொட்டியில் 1,000 லிட்டர் பில்லூர்த் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எமரால்டிலிருந்து புறப்பட்டிருந்தால் பில்லூருக்கு வருவதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கியிருக்கும். இயந்திர இழப்புகளைக் கழித்தால் அந்த 1,000 லிட்டர் வழியில் ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் தந்திருக்கும். அதே தண்ணீரைத் தரையிலிருந்து மாடிக்கு ஏற்ற நம் வீட்டு மோட்டார் 0.1 யூனிட்கூட எடுக்காது. பில்லூரில் பவானி ஆற்றின் இயல்பான ஓட்டமும் கலப்பதால் எல்லாத் துளிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சூரில் இறங்கியபோது கீழே விட்டுவந்த வெயில் நினைவிலேயே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது வளிமண்டலத்தின் பொதுக்கணக்கு. உடம்புக்கு அது பாடப்புத்தகத்தை விடச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது. படகர்களின் நான்கு சீமைகளில் ஒன்றான குந்தே சீமை இது. சுற்றிலும் ஹட்டிகள் எனும் படகர் ஊர்கள், ஹட்டிகளைச் சுற்றித் தேயிலை, தேயிலை இல்லாத சரிவுகளில் காய்கறி. டீக்கடையில் அடுத்திருந்த பெரியவரிடம் இந்த வருஷம் மழை எப்படிங்கய்யா என்று கேட்டேன்.

“மழை பெஞ்சா டேம் ரொம்பும், கேரட் அழுகும். பெய்யலேன்னா ரெண்டும் இல்லை. எதுன்னு கேட்டு சாமி கும்பிடறது, சொல்லுங்க தம்பி.”

டேம் நிரம்புவதற்கு மழை மட்டும் போதாது என்பதும் இந்த மலையில்தான் அளந்து காட்டப்பட்டது. நீலகிரியின் மேல்மட்டம் ஆதியில் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடுமாக இருந்தது. அந்தப் புல்லின் கீழுள்ள மண் ஆழமானது, மட்கு நிறைந்தது; ஆடியில் குடித்த மழையை மாசி பங்குனிவரை ஓடையில் கசியவிடும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இங்கே தைல மரமும் சீகை மரமும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு சிறுமுகையில் மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் இழை எடுக்கும் ஆலைக்காக அவை இன்னும் பரந்தன. மலையின் மரம், பஞ்சாலை வட்டாரத்துக்கு இழையாக இறங்கிய காலம் அது.

மரங்களைப் புல்வெளியில் நட்டால் நீர்வரத்து என்னாகும் என்ற கவலை வந்தது. உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் 1960களின் இறுதியில் கிளென்மார்கனில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் ஒரு பகுதியில் தைல மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வெளியேறும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் தைல மரப் பக்கத்தில் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. வேர் ஆழமாக இறங்கி உறிஞ்சும் தண்ணீர், இலை வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. ‘மரம் நட்டால் மழை வரும், மழை வந்தால் தண்ணீர் வரும்’ என்று எந்த இடத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. எந்த மரம், எந்த மண்ணில் என்று கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது என்பதற்கு இந்தச் சோதனையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எமரால்டு நீர்த்தேக்கப் பக்கம் இன்னொரு வேலை நடக்கிறது. குந்தா நீரேற்று மின்திட்டம்: 125 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், எல்லாம் பாறைக்குள் குடைந்த அறையில். மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி – எமரால்டு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பது, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரமாகத் திரும்பப் பெறுவது. வால்பாறைப் பக்கத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் பல ஆண்டுகளாக நடக்கும் ஏற்பாடுதான்.

ஏற்றுவதற்குச் செலவான 100 யூனிட்டில் 75 முதல் 80 வரைதான் திரும்பக் கிடைக்கும். நஷ்டம் போலத் தெரிகிறது. ஆனால் நண்பகலில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தை மாலை ஏழு மணிக்கு யாரும் கேட்டு வாங்க முடியாது. அனல் மின்நிலையத்தைச் சூடேற்றி ஓட்டப் பல மணி நேரம் ஆகும். தண்ணீர்ச் சக்கரம் சில நிமிடங்களில் முழு வேகம் பிடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழையில்லாமல் வந்த அதே ஆடிக்காற்று, பல்லடம், உடுமலை வட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது அல்லவா? அந்த மின்சாரம் இரவில் மிஞ்சினால் மலைத்தண்ணீரை மலைக்கே ஏற்ற உதவும். இதுவரை மேலிருந்து கீழே மட்டும் வந்துகொண்டிருந்த உறவில், சமவெளி திருப்பிக் கொடுக்கும் முதல் பெரிய பங்கு அதுவாக இருக்கும்.

திரும்பும்போது குன்னூர் வழி. இது தண்ணீரின் பாதையல்ல, காய்கறியின் பாதை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகளோடு வாகனங்கள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. செங்குத்தான சரிவில் தேயிலையை விட்டுக் கேரட்டுக்கு மாறினால், அறுவடைக்கு அறுவடை மண்ணைக் கொத்தித் திறந்துவிட வேண்டும். தேயிலைப் புதர் ஐம்பது அறுபது வருஷம் ஒரே இடத்தில் நின்று மண்ணைப் பிடித்து வைப்பது. கேரட் மூன்று நான்கு மாதத்தில் பிடுங்கப்படுவது. திறந்த மண்ணில் கனமழை விழுந்தால் அந்த மண் ஓடையில் இறங்கி, கடைசியில் பில்லூரில் போய்ப் படிகிறது. 100 அடி முழு நீர்மட்டம் கொண்ட அந்த அணையில் கணிசமான பங்கு இப்போது வண்டல். மழையில் அணை சீக்கிரம் நிரம்பி மதகைத் திறக்கிறார்கள். கோடையில் சீக்கிரம் வற்றுகிறது. கோவை தின்னும் கேரட், கோவை குடிக்கும் தண்ணீருக்கான இடத்தை அடைக்கிறது. இதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால் சரிவைக் கொத்தும் ஆசை யாருக்கும் வராது.

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளைக் கடந்துதான் கோவைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கோலார், குஜராத் கிழங்குகளோடு நீலகிரிக் கிழங்கும் அங்கே ஏலம் போகிறது, பெரும்பாலும் சமையலுக்கு, விதைக்கல்ல. அதற்குக் காரணம் உண்டு. 1961இல் நீலகிரி உருளை வயல்களில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. செத்துப்போன பெண்புழுவின் உடலே கெட்டியான கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளோடு பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், புது வயலுக்குப் போய்விடும். ஆகவே நீலகிரி உருளையை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை உண்டு.