உஷார்! காளான் படம் எடுக்கத் தரையில் படுக்கும் முன்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வால்பாறை, மேகமலை, கொடைக்கானல் பக்கம் கேமராவோடு கிளம்புகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். முன்பெல்லாம் பறவைக்காகப் போனார்கள். இப்போது காளானுக்கென்றே போகிறார்கள். மட்கிய மரத்தில் வரிசைகட்டி நிற்கும் சிவப்புக் கிண்ணக் காளான், தொப்பியிலிருந்து வெள்ளை வலை தொங்கும் காளான், இருட்டில் பச்சையாக ஒளிரும் பொடிக் குடைகள் என்று படத்துக்குப் பஞ்சமே இல்லை. நல்ல பொழுதுபோக்குதான். போக வேண்டாம் என்று யாரையும் தடுக்கமாட்டேன். ஆனால் இதில் இறங்கும் இளைஞர்களுக்கு லென்ஸைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உயிரைப் பற்றிச் சொல்ல ஆளைக் காணோம். அதுதான் பயமாக இருக்கிறது.

பறவை எடுப்பவர் நின்றுகொண்டு எடுக்கிறார். காளான் எடுப்பவர் குப்புறப் படுக்கிறார். முகத்துக்கும் சருகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. ஒரு கண் வியூஃபைண்டரில் இருக்கும், மற்றது மூடியிருக்கும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கும் வேலை என்றால் கால் மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். காட்டில் மனிதனைக் காப்பாற்றுவது அவன் கண்ணும் காதும் எழுந்து ஓடும் காலும். இவர் மூன்றையும் ஒரே நேரத்தில் கட்டிப்போட்டுவிடுகிறார்.

அந்தச் சருகில் என்ன இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் எஸ்டேட் ஓரங்களிலும் மூக்கு நுனி மேலே தூக்கிய சிறு குழிவிரியன் ஒன்று உண்டு. ஓர் அடி, ஒன்றரை அடி நீளம்தான். காய்ந்த இலையின் நிறம். ஆள் வந்தால் விலகிப் போகாது, சுருண்டு அப்படியே கிடக்கும். இது கடித்தால் சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகிவிடுகிறது. இதற்கென்று நம் நாட்டில் விஷமுறிவு மருந்து கிடையாது என்பதுதான் பெரிய கவலை. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சிலிருந்து தயாரானது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நஞ்சு எடுத்துக் கொடுப்பதும் இந்த நான்குக்குத்தான். குழிவிரியன் கடிக்கு அந்த மருந்து வேலை செய்யாது. கடிபட்டவரை டாக்டர்கள் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே கடி வாங்காமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். படுக்கும் இடத்தை நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள். படத்தை மறைக்கிறது என்று சருகையும் கட்டையையும் வெறுங்கையால் ஒதுக்காதீர்கள். மட்கிய கட்டைக்கு அடியில் தேளும் பூரானும் குடியிருக்கும்.

பாம்பாவது கண்ணுக்குத் தெரியும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிவப்புப் பூச்சிக் குஞ்சு தெரியாது. புல்லிலும் புதரோரத்திலும் காத்திருந்து, படுப்பவர் உடம்பில் ஏறி, இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று துணி இறுகும் இடமாகப் பார்த்துக் கடிக்கிறது. வலி தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். இதை ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். அது மறைவான இடத்தில் இருப்பதால் நாமும் பார்ப்பதில்லை, டாக்டரிடமும் காட்டுவதில்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே குணமாகிவிடும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நாளைக் கடத்தினால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று பரவி உயிரையே எடுத்துவிடும். காட்டுக்குப் போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் பேச்சாகவே “காட்டுத் தரையில் படுத்திருந்தேன்” என்று சொல்லுங்கள்.

ஒளிரும் காளான் எடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் பதறுகிறது. அந்த மெல்லிய வெளிச்சம் படத்தில் விழ வேண்டுமென்றால் டார்ச்சை அணைத்துவிட்டு, ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்துவைத்து, கும்மிருட்டில் உட்கார வேண்டும். வால்பாறை மாதிரி இடங்களில் அது யானை நடமாடும் நேரம். இருட்டில் யானை பத்தடியில் நின்றாலும் நமக்குத் தெரியாது. யானை லத்தியில் முளைத்த காளானைப் பார்த்துப் பரவசமாகப் படுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த லத்தி ஒரு சேதி சொல்கிறது: இது யானை போகிற வழி, மறுபடியும் வரும். வனத்துறை அனுமதியும் உள்ளூர்க் காவலரும் இல்லாமல் ராத்திரியில் எந்தக் காட்டுக்குள்ளும் கால் வைக்காதீர்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பகலில் போனாலும் ஒருவர் படுத்து எடுக்கும்போது இன்னொருவர் கேமராவைத் தொடாமல் நாலாபக்கமும் பார்த்து நிற்க வேண்டும். தனியாகப் போவதென்றால் போகவே வேண்டாம்.

படம் எடுத்துத் திரும்பிய பிறகும் ஆபத்து விடுவதில்லை. செல்போன் ஆப்பில் படத்தைப் போட்டதும் அது ஒரு பெயர் சொல்கிறது. சாப்பிடலாம் என்று வந்துவிட்டால் மறுநாள் பறித்துக் குழம்பு வைக்கும் துணிச்சலும் வந்துவிடுகிறது. ஐயா, அம்மா, தயவுசெய்து கேளுங்கள். அமானிட்டா என்ற பேரினத்தின் கொடிய காளான்களை அடையாளம் காட்டும் பை போன்ற உறை தண்டின் அடியில், மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. உங்கள் படத்தில் அது விழுவதே இல்லை. விழாததை ஆப் எப்படிப் பார்க்கும்? அந்தக் காளான்களிலுள்ள அமாடாக்சின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அழியாது. வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூச்சி தின்றிருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம் நம்பத்தகாத பேச்சு. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். தேயிலைத் தோட்டக் குடும்பங்களும் குழந்தைகளும் அதில் உண்டு. மண்ணும் மழையும் தெரிந்த அவர்களையே ஏமாற்றிய காளானை, வாரக் கடைசியில் மலையேறும் நாம் படத்தை வைத்தா தெரிந்துகொள்ளப் போகிறோம்?

பறித்து அறைக்குக் கொண்டுவந்து படம் எடுப்பதும் வேண்டாம். போதைக் காளானில் உள்ள சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கொடைக்கானலில் பையில் அந்தக் காளானோடு பிடிபட்டால், படத்துக்காக என்று சொன்னாலும் வழக்கில் சிக்க நேரலாம்.

யாராவது காட்டுக் காளானைச் சாப்பிட்டுவிட்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அமாடாக்சின் உள்ளே போனால் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்வரைகூட ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் பிடிக்கும். அடுத்த நாள் எல்லாம் நின்று, ஆள் தேறிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள், நின்றுவிட்டது என்று வீட்டுக்கும் திரும்பாதீர்கள். மிச்சமிருக்கும் காளானைப் பையில் எடுத்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.