விடிய விடிய கறிசோறு! சாதி, மதம் கேட்காத முத்தழகுபட்டி திருவிழா வந்த கதை

அய்யலூர்:
அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வந்து கிடா பிடிப்பவர்கள் குலசாமிக்கோ, காதுகுத்து விருந்துக்கோதான் பெரும்பாலும் பிடிப்பார்கள். கிடா வெட்டினால் கறி பங்காளிக்கும் மாமன் மச்சானுக்கும்தான் போகும். ஆனா திண்டுக்கல் முத்தழகுபட்டி கோவிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவில் தனிப்பங்கு கிடையாது. கொடுத்தவரும் ஊரோடு சேர்ந்து பந்தியில்தான் சாப்பிடணும்!

யார் இந்த செபஸ்தியார்?

முத்தழகுபட்டியில் இருப்பது புனித செபஸ்தியார் ஆலயம். இவர் ரோம் நாட்டு சிப்பாய். சுமார் 1,700 வருஷத்துக்கு முன், கிறிஸ்தவர் என்பதற்காக மன்னன் டயோக்ளீசியன் இவரை மரத்தில் கட்டி அம்பு எய்யச் சொன்னான். அதில் உயிர் பிழைத்தவர், ஓடி ஒளியாமல் மன்னன் முன்னாடியே போய் நின்று தட்டிக்கேட்டார். தடியால் அடித்தே கொன்றார்கள் என்கிறது கிறிஸ்தவ மரபு.

அந்தக் காலத்தில் கொள்ளைநோயை 'கடவுள் எய்த அம்பு' என்று நம்பினார்கள். 680ல் இத்தாலியில் கொள்ளைநோய் பரவியபோது செபஸ்தியாருக்கு பீடம் கட்டினார்கள், நோய் நின்றது என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அம்பு பட்டும் சாகாதவர் நம்மையும் காப்பார் என்ற நம்பிக்கை அப்படித்தான் வேர் பிடித்தது. அம்மைக்கு மாரியாத்தாளை கும்பிடும் நம்ம ஜனத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியது இல்லையே!

ஊருக்கே ஒரே சமையல்

முத்தழகுபட்டி திருவிழா 300 வருஷத்துக்கு மேல் பழமையானது என்கிறார்கள் ஊரார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடக்கும். நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை வரம் கிடைத்தவர்கள் ஆடு, கோழி, அரிசி, வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் என்று முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வந்து தருவார்கள். நூற்றுக்கணக்கான ஆடு, ஆயிரத்துக்கு மேல் கோழி சேரும். எல்லாம் ஒன்றாகச் சமையலுக்குப் போகும். சாயங்காலம் தொடங்கும் அன்னதானம் விடிய விடிய நடக்கும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாகுபாடு இல்லாமல் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அயர்லாந்திலும் ஒரு ஆட்டுக்காரர்

வெளிநாட்டிலும் புனிதர் திருநாள் ஊர்த் திருவிழாவாக மாறிய கதை உண்டு. அயர்லாந்து நாட்டில் மார்ச் 17ந்தேதி புனித பேட்ரிக் திருநாள். பிரிட்டனில் பிறந்த இவரை 16 வயசில் கடத்திப் போய், அயர்லாந்தில் அடிமையாக ஆடு மேய்க்க விட்டார்கள். 6 வருஷம் கழித்து தப்பினார். பிறகு பிஷப்பாகி, அடிமையாக இருந்த அதே நாட்டுக்கு மதம் பரப்பத் திரும்பினார். 1903ல் அந்த நாள் அங்கே பொது விடுமுறை ஆனது. பிழைப்பு தேடிப் போன ஐரிஷ்காரர்கள் விழாவை அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். சிகாகோவில் 1962 முதல் ஆற்றுத் தண்ணீரையே பச்சை நிறமாக்கி கொண்டாடுகிறார்கள். ஊர்வலத்தில் மதம் பார்ப்பதில்லை.

அங்கே ஊர்வலம், இங்கே பந்தி. தனி டம்ளர், தனிப் பந்தி என்று பிரித்து வைத்த கொடுமையைப் பார்த்த மண் இது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் யார் என்று கேட்காமல் எல்லாரும் ஒரே சோறு சாப்பிடும் அந்த ஒரு ராத்திரிதான் முத்தழகுபட்டியின் பெருமை. கிடா நேர்ந்துவிட வசதி இல்லாதவர் ஒரு படி அரிசி கொடுத்தாலும் அதே சமையலில்தான் சேரும்!